மாணவர் கையில் வந்த மரணம்

நோய் தீர்க்க நீளும் கையே நோயைக் கொண்டு செல்லுமாயின், அதனினுங் கொடியது வேறு யாதுளது? இது கற்பனையன்று; வியன்னா நகரப் பொது வைத்தியசாலையிலே நிகழ்ந்த வரலாறு.

அங்கே பிரசவ விடுதிகள் இரண்டிருந்தன. முதலாவதில் வைத்திய மாணவரும், இரண்டாவதில் மருத்துவிச்சி மாணவியரும் பயின்றனர். 1846ஆம் ஆண்டில் முதலாம் விடுதித் தாய்மாரில் நூற்றுக்கு 11 பேர் மாண்டனர். இரண்டாவதில் நூற்றுக்கு மூவருக்குங் குறைவு. முதலாம் விடுதிக்கு அனுப்பவேண்டாமென்று கர்ப்பிணிகள் முழந்தாளிட்டு மன்றாடினர். சனநெருக்கமே காரணமென்றனர் சிலர். ஆனால் நெருக்கம் மிகுந்தது இரண்டாம் விடுதியே!

1847 மார்ச்சு மாதத்தில் பேராசிரியர் கொலெச்கா, சவப்பரிசோதனையின்போது மாணவனொருவனின் கத்தி விரலிற்பட்டு இறந்தார். அவருடலிற் கண்ட குறிகள் பிரசவ சுரத்தால் இறந்த தாய்மாரின் குறிகளை ஒத்திருந்தன. உதவி வைத்தியராயிருந்த செம்மல்வைசு என்பாருக்கு உண்மை புலனாயிற்று. மாணவர் சவச்சாலையிலிருந்து நேரே பிரசவ விடுதிக்கு வந்தனர். சவர்க்காரமிட்டுக் கழுவியும் கையில் சவநாற்றம் நீங்கவில்லை. மருத்துவிச்சிகளோ சவத்தைத் தொடுவதில்லை.

மே மாத நடுவில், குளோரின் நீரிற் கைகழுவிய பின்னரே விடுதியுட் புகவேண்டுமென அவர் விதித்தார். ஏப்பிரலில் நூற்றுக்கு 18 ஆயிருந்த மரணம் யூன் மாதத்தில் இரண்டளவாகக் குறைந்தது.

ஆயினும் பெரியோர் பலர் இதனை ஏற்றிலர். தம் கை தூய்மையற்றதென்று கேட்க எந்தக் கற்றவன் மனந்தான் இசையும்? செம்மல்வைசோ தம்மையும் விலக்கினாரல்லர். நாடோறும் காலையிற் சவம் அறுத்து ஆராய்ந்த தம் கையாலும் பலர் இறந்தனரென 1861இல் வெளியிட்ட நூலில் ஒளியாது எழுதினார். 1865இல், தம் 47ஆம் வயதில், மனநோயாளர் விடுதியொன்றிலே அவர் உயிர் நீத்தார். 1879இல் பாசுச்சர், பிரசவ சுரத்தை உண்டாக்குங் கிருமிகள் சங்கிலிபோற் கோத்திருத்தலை எடுத்துக் காட்டினார்.

கிருமி சவச்சாலையில் மட்டும் உறைவதன்று என்பதையும் இன்று அறிவோம். சீழ்ப்புண்ணை உண்டாக்கும் 'ஸ்ரபிலோகொக்கசு ஓரியசு' என்னும் பற்றீரியா, சுகதேகிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேரின் மூக்கிலே ஓசையின்றி வாழ்கின்றது. வைத்திய மாணவரும் இதற்கு விலக்கல்லர். மூக்கைத் தொட்ட விரல் நோயாளியின் புண்ணைத் தொடின், அக்கிருமியும் உடன் செல்லும்.

வியன்னா மாணவர் கொடியவரல்லர், கல்வியில் ஆர்வமிக்கவர். நல்லெண்ணம் ஒன்றே அவர்தம் கையைத் தூய்மையாக்கவில்லை. வாலிபரே, பிறருக்குத் தொண்டு செய்யப் புறப்படுமுன் நம் கையை நாமே ஐயுறக் கற்போம். அவ்வையம் தோன்றிய அன்றே வியன்னாவிலே தாய்மார் பிழைக்கலாயினர்.