சுருதிச் சண்டையும் ஒரு ஃபார் லூப்பும்

இந்தப் பதிவு இசையைப் பற்றியது. ஆனால் பாட்டு விமர்சனம் இல்லை. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு, நடுவில் ஒரு குட்டி புரோகிராம். "படிப்பது பி.காம்., எழுதுவது கம்ப்யூட்டர் மியூசிக்கா?" என்று கேட்பவர்கள் பொறுங்கள். குறிப்பேடும் கூட்டு வட்டியும் உள்ளே வரும் :-)

எங்கள் ஊர்ப் பக்கம் சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலில் இசைத்தூண்கள் உண்டு. ஒரே கல்லில் கொத்தாகச் செதுக்கிய தூண்கள். தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஒலிக்கும். கல்லின் நீளமும் பருமனும் அந்த ஒலியைத் தீர்மானிக்கின்றன. சிற்பி உளியைக் கீழே வைத்த அன்றே ஸ்வரம் முடிவாகிவிட்டது. அதன்பிறகு யாராலும் அதை ஒரு நூல் ஏற்றவோ இறக்கவோ முடியாது. ஹார்மோனியமும் ஏறக்குறைய அப்படித்தான், செய்தவர் வைத்ததுதான் சுருதி. ஸ்வரத்தை வெறும் எண்ணாக எழுதி, பிடிக்காவிட்டால் அழித்து எழுதும் வசதி எப்போது வந்தது?

1951-லேயே ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் கம்ப்யூட்டரைப் பாட்டு வாசிக்க வைத்துவிட்டார்கள். ஆனால் ஒலி அலையையே எண்களாகக் கணக்கிட்டு உருவாக்கும் வழியைத் திறந்தவர் மேக்ஸ் மேத்யூஸ். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பொறியாளர். 1957-ல் ஐபிஎம் 704 கம்ப்யூட்டருக்காக அவர் எழுதிய புரோகிராமின் பெயர் 'மியூசிக்'. அதில் நியூமன் குட்மன் என்பவர் அமைத்த 17 விநாடி இசைத்துண்டு ஒலித்தது. கேட்க அப்படியொன்றும் சுகமாக இருக்காது. ஆனால் நடந்த காரியம் பெரிது. மனிதன் சில எண்களைக் கொடுத்தான், கம்ப்யூட்டர் அவற்றை ஆயிரக்கணக்கான எண்களாக விரித்தது, அந்த எண்கள் மின்சாரமாகி ஸ்பீக்கரில் ஒலியாயின.

இந்தப் பரம்பரையில் வந்ததுதான் சிசவுண்ட் என்ற மென்பொருள். நியூசிலாந்துக்காரரான பாரி வெர்கோ, எம்.ஐ.டி.யில் இருந்தபோது 1986-ல் சி மொழியில் எழுதியது. இன்றைக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. இதற்கு இரண்டு விஷயங்கள் கொடுக்க வேண்டும். ஒன்று ஆர்க்கெஸ்ட்ரா: வாத்தியம் எப்படி ஒலிக்க வேண்டும் என்ற விவரம். இன்னொன்று ஸ்கோர்: எந்த வாத்தியம், எந்த விநாடியில் தொடங்கி, எத்தனை விநாடி, எவ்வளவு சத்தமாக, எந்த அதிர்வெண்ணில் ஒலிக்க வேண்டும் என்ற பட்டியல். ஒரு ஒலிக்கு ஒரு வரி. நம்ம குறிப்பேடு மாதிரியேதான்! தேதிக்குப் பதில் விநாடி, தொகைக்குப் பதில் அதிர்வெண்.

ஸ்கோர் என்பது வெறும் டெக்ஸ்ட். பத்து வரி என்றால் கையாலேயே டைப் செய்யலாம். ஆயிரம் வரி என்றால் விரல் தேய்ந்துவிடும். அந்த வேலையைத்தான் புரோகிராமிடம் தள்ளிவிட வேண்டும். பைத்தானில் இப்போதுதான் கை வைத்தவர்கள்கூட எழுதிவிடலாம். 240 என்ற எண்ணில் தொடங்குங்கள், அதுதான் ஸட்ஜம். ஒரு ஃபார் லூப், 13 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஃபைலில் ஒரு வரி எழுதவும், பிறகு எண்ணை 1.05946-ஆல் பெருக்கவும், தொடங்கும் விநாடியில் ஒன்று கூட்டவும். அவ்வளவுதான். 13-வது வரியில் 480-க்கு மிக அருகில் வந்து நிற்கும். மேல் ஸட்ஜம்!

காமர்ஸ் மாணவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். 240 ரூபாயை 5.946 சதவீதக் கூட்டு வட்டிக்குப் போட்டால் 12 வருடத்தில் இரட்டிப்பாகும். அதே கணக்குதான் இது.

இந்தக் கூட்டு வட்டிக் கணக்கை, மேத்யூஸுக்கு நாற்பது வருடம் முன்பே, நம் பக்கத்து மாவட்டத்துத் தமிழர் ஒருவர் கம்ப்யூட்டர் இல்லாமலே போட்டு வைத்திருக்கிறார். ஆபிரகாம் பண்டிதர். 1859-ல் சாம்பவர் வடகரையில் பிறந்து, தஞ்சாவூரில் சித்த வைத்தியராகப் பேர் எடுத்தவர். அவருடைய 'கருணாமிர்த சாகரம்' 1917-ல் வெளிவந்தது. பக்கம் பக்கமாக அட்டவணைகள். அவர் மல்லுக்கு நின்றது 22 சுருதிக் கொள்கையோடு. தேவல், கிளெமென்ட்ஸ் போன்றவர்கள், ஸ்தாயியில் 22 சுருதிகள் உண்டு, அவை எளிய பின்னங்களில் அமையும் என்றார்கள். பண்டிதர் அதை ஏற்கவில்லை. ஸ்தாயியை 12, 24 என்று சம விகிதத்தில்தான் பிரிக்க வேண்டும் என்றார். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டிலும் போய் வாதாடினார்.

சண்டை எவ்வளவு தூரத்துக்கு? அந்தர காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். பின்னக் கணக்கில் 240-ஐ 5/4-ஆல் பெருக்கினால் 300. சம விகிதக் கணக்கில் சுமார் 302.4. வித்தியாசம் இரண்டரைகூட இல்லை. இதற்கா இவ்வளவு பக்கம் என்று தோன்றும். ஆனால் ஸட்ஜத்தோடு சேர்த்து ஒலிக்க விட்டால் தெரியும். வீணை, தம்புரா போன்ற ஒலியில் ஸட்ஜத்தின் ஐந்து மடங்கும் காந்தாரத்தின் நான்கு மடங்கும் உள்ளே கேட்கும். 300 என்றால் இரண்டும் 1200-ல் ஒன்றாகக் கரைந்துவிடும். 302.4 என்றால் விநாடிக்கு ஒன்பது முறைக்கு மேல் படபடக்கும். 1916-ல் இதைக் காதால் சரிபார்க்க, சுருதி சேர்த்த வாத்தியமும் வாசிக்க வித்வானும் வேண்டும். இன்று ஃபைலில் ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

ஆனால் ஒன்று பாத்துக்கிடுங்க. இரண்டு கட்சியும் போட்டது அசையாமல் நிற்கும் ஸ்வரத்துக்கான கணக்கு. கர்நாடக சங்கீதத்தில் ஸ்வரம் எங்கே நிற்கிறது? தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊஞ்சலாடும். அதை ஒரே எண்ணாக எழுதினால் தோடி காணாமல் போய்விடும். ஒரு விநாடிக்குள் ஐம்பது புள்ளி வைத்து வளைவாக எழுத வேண்டும். புரோகிராம் உண்மையாகவே தேவைப்படும் இடம் இதுதான். எம். சுப்ரமணியன் உருவாக்கிய 'காயகா' மென்பொருள் இந்த வழியில் போனது. ஸ்வரங்களை எழுத்தாக டைப் செய்தால் கமகத்தோடு வாசிக்கும்.

தாளத்திலும் இதே முயற்சி நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் பெர்னார்ட் பெல், ஜிம் கிப்பன் இருவரும் லக்னோ தபேலாவுக்காக 'போல் புராசஸர்' எழுதினார்கள். ஒரு காய்தாவிலிருந்து கம்ப்யூட்டர் புதுப்புது சொற்கட்டுகளை உருவாக்கும். உஸ்தாத் அஃபாக் ஹுசைன் கான் எது சரி, எது தவறு என்று சொல்வார். அதற்கேற்ப விதிகளைத் திருத்துவார்கள். இதன் பிந்தைய பதிப்பு சிசவுண்டுக்கு ஸ்கோரே எழுதிக் கொடுத்தது. தீர்ப்பு சொன்னது மட்டும் உஸ்தாதின் காது!

ஆகவே, கீபோர்டில் இல்லாத ஸ்வரம் கம்ப்யூட்டருக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்கோர் ஃபைலில் 300-ம் எழுதலாம், 302.4-ம் எழுதலாம், நடுவில் எதையும் எழுதலாம். எதை எழுதுவது என்பதுதான் நம் பாடு. இரண்டு காந்தாரத்தையும் செய்து கேட்டுப் பாருங்கள். உங்கள் காது பண்டிதர் கட்சியா, பின்னக் கட்சியா என்று தெரிந்துவிடும். மீண்டும் சந்திப்போம்!