பல நெடுவரிசைகளால் அட்டவணையை வரிசைப்படுத்தல்

பல நெடுவரிசைகளால் வரிசைப்படுத்தல் என்பது ஓர் அட்டவணையை முதலில் ஒரு நெடுவரிசையின்படியும், அதில் சமமாக உள்ள பதிவுகளை அடுத்த நெடுவரிசையின்படியும் அடுக்கும் முறையாகும். மாணவர் பட்டியலை வகுப்புவாரியாகவும், வகுப்புக்குள் மதிப்பெண்வாரியாகவும் அடுக்குவது இதற்கு எடுத்துக்காட்டு. பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் இது ஒரே கட்டளை. எனினும் இம்முறை கணினிக்கு முந்தையது.

1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹொலரித்தின் துளையட்டைப் பொறிகள் பயன்பட்டன. அவ்வழியில் வந்த ஐபிஎம் நிறுவனம் 1925இல் வெளியிட்ட அட்டை பிரிக்கும் பொறி நிமிடத்துக்கு 450 அட்டைகளைப் பிரித்தது. ஆனால் ஒரு சுற்றில் ஒரு நெடுவரிசையை மட்டுமே அது பார்க்கும். மூன்று இலக்க எண்ணின்படி அடுக்க மூன்று சுற்றுகள் தேவைப்பட்டன. அதுவும் ஒன்றாம் இலக்கத்தில் தொடங்கி, நூறாம் இலக்கத்தில் முடிக்க வேண்டும். பார்ப்பதற்குத் தலைகீழாகத் தோன்றும் இம்முறையில் ஒரு வசதி உண்டு: நூறிலிருந்து தொடங்கினால் பத்துக் குவியல்களையும் தனித்தனியே காத்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பிரிக்க வேண்டும், ஒன்றிலிருந்து தொடங்கினால் எல்லா அட்டைகளையும் ஒரே கட்டாகச் சேர்த்து அடுத்த சுற்றுக்கு விடலாம். நிபந்தனை ஒன்றுதான். ஒரே பெட்டியில் விழும் அட்டைகள் முந்தைய சுற்றின் ஒழுங்கை இழக்கக் கூடாது. கட்டு கைதவறிச் சிதறினால் வேலை முதலிலிருந்துதான்.

சமமான பதிவுகளின் முன்பின் முறையைக் குலைக்காத இப்பண்பு 'நிலைத்த வரிசையாக்கம்' எனப்படும். 1954இல் ஹரால்டு சீவர்டு எம்ஐடியில் அளித்த ஆய்வேடு இலக்கவாரி முறையைக் கணினி நினைவகத்துக்கு ஏற்றதாக்கியது. 2002இல் டிம் பீட்டர்ஸ் பைத்தானுக்காக உருவாக்கிய டிம்சார்ட்டும் நிலைத்த வகையே. நம்பை நூலகத்தின் 'லெக்ஸ்சார்ட்' கட்டளையில் கடைசியாகத் தரப்படும் நெடுவரிசையே முதன்மையானது. அட்டைக் காலத்தின் சுற்று வரிசை அதில் அப்படியே தெரிகிறது.

வெஸ் மெக்கின்னி 2008இல் எழுதத் தொடங்கிய பாண்டாஸ் இதைத் திருப்பி, முதலில் எழுதும் பெயரையே முதன்மையாகக் கொண்டது. இன்று பயன்படும் 'சார்ட்_வேல்யூஸ்' 2015இல் 0.17 பதிப்பில் வந்தது. இங்கே ஒரு பொறி உள்ளது. ஒற்றை நெடுவரிசைக்கு இதன் இயல்பு முறை குவிக்சார்ட். அது நிலைத்தது அன்று. எனவே முதலில் மதிப்பெண்ணால் அடுக்கி, பிறகு தனிக் கட்டளையால் வகுப்பின்படி அடுக்கினால், மதிப்பெண் ஒழுங்கு குலையக்கூடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பத்துப் பேர் கொண்ட சோதனைப் பட்டியலில் விடை சரியாக அமைந்துவிடுவதும் உண்டு. பெரிய பட்டியலில்தான் தவறு வெளிப்படும். இரு பெயர்களையும் ஒரே கட்டளையில் பட்டியலாகக் கொடுப்பதே சரியான வழி. தனித்தனியாகத்தான் செய்ய வேண்டுமெனில், வரிசையாக்க வகையாக 'ஸ்டேபிள்' என்பதைக் குறிப்பிட வேண்டும்.