யாழ் காணாமப் போச்சு, தப்பு எப்படி நின்னுச்சு?

பழங்கால இசைக்கருவி என்றால் நம்மில் பலருக்கு முதலில் யாழ்தான் ஞாபகம் வரும். ஆனால் சங்ககால யாழ் ஒன்றுகூட இன்று கையில் இல்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பல வருஷம் பழைய நூல்களைத் துருவி, நரம்புகளுக்குக் கணக்குப் போட்டு, 1947இல் 'யாழ்நூல்' வெளியிட்டார். அவ்வளவு பாடுபட்டுத்தான் அதைக் கற்பனையிலாவது பார்க்க முடிகிறது. பறையின் வழிவந்த தப்போ ஹாலிஎல, பதுளை பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் அடிபடுது.

பறை என்பது அந்தக் காலத்தில் பலவகைத் தோற்கருவிகளுக்குப் பொதுப்பெயர். தொல்காப்பியம் ஒவ்வொரு திணையின் கருப்பொருளிலும் பறையைச் சேர்க்கிறது. அதனால் நம்ம தப்பு ரெண்டாயிரம் வருஷமா அப்படியே இருக்கு என்று மேடையில் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். கருவியின் உருவம் மாறியிருக்கலாம். வேலை மாறவில்லை. புறநானூற்று 194ஆம் பாட்டில் ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. லயத்தில் வளர்ந்தவங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை, சுவர் ஒன்றுதானே நடுவில்.

யாழ் பாணரையும் அவரை ஆதரித்த அரசரையும் நம்பி இருந்தது. அந்த உலகம் போனதும் அதுவும் போச்சு. தப்புக்கு அரசன் தேவைப்படல, சாவும் திருவிழாவும் போதும்.

ஆனால் எல்லாத் தோலுக்கும் ஒரே மரியாதை இருக்கவில்லை. சேர அரசனின் முரசுக்குத் தனிக் கட்டில் இருந்தது. களைப்பில் அதில் தூங்கிவிட்ட மோசிகீரனாரை அரசன் வெட்டாமல் விசிறிவிட்டான் என்பது புகழ்பெற்ற கதை. அரசமுரசுக்குக் கட்டில் என்றால், பறை அடித்தவர்களுக்கு, போகப்போக, ஊருக்கு வெளியேதான் இடம்.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வந்தபோது தப்பும் வந்தது, சாதியும் வந்தது. இங்கே அதற்குப் புது வேலை ஒன்று கொடுத்தார்கள்: விடியமுன் தப்பு அடிச்சா எழும்பிப் பெரட்டுக்களத்துக்குப் போகணும். மாசியில் காமன் கூத்துக்கு ஆடவைக்கிற அதே தப்பு, மற்ற நாளில் தொரையின் மணிக்கூடு. சாவு வீட்டில் யார் அடிக்கணும் என்பதையும் சாதிதான் முடிவு பண்ணியது. இளைஞர் பலர் அதைத் தொடக் கூச்சப்பட்டதற்கு இதுதான் காரணம், அந்தக் கூச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

கருவி எளிமையானது. வட்டமான மரச்சட்டம், அதில் இழுத்து ஒட்டிய மாட்டுத்தோல், ஒரு கையில் நீளமான மெல்லிய குச்சி, மற்றக் கையில் கட்டையான குச்சி. ஆனால் நம்ம மலைப் பனிக்குத் தோல் தொய்ந்துவிடும். நெருப்பு மூட்டி வாட்டினால்தான் குரல் வரும். எவ்வளவு வாட்டணும் என்பது அடிக்கிறவர் கைக்குத்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையை மேடைக்குக் கொண்டுவந்து, யாரும் அடிக்கலாம் என்று காட்டினார்கள். இங்கே, சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, ரதியும் மன்மதனும் ஆடுவதற்கு வேறு அடி. பெரும்பாலும் இவை வயசானவர்கள் கையில்தான் இருக்கு. அடுத்த மாசியில் உங்க தோட்டத்தில் காமன் கூத்து நடந்தா போனை எடுத்துட்டுப் போங்க. அவர்களைக் கேட்டு ஒவ்வொரு அடியையும் தனித்தனியா பதிவு செய்யுங்க. அடித்தவர் சம்மதித்தால் அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்க.