மண்ணில் கிடைக்காத காசு: சுங்கை பூலோவின் தனிப் பணம்



உலோகம் காணும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, விடுமுறை நாள்களில் பழைய காசு தேடிச் செல்வோர் நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் உள்ளனர். என் மாணவர்களின் தந்தையர் சிலரும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் கண்டெடுத்த காசுகளைப் பிள்ளைகள் வகுப்பிற்குக் கொண்டு வந்து காட்டுகின்றனர். நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்திற்கு இதைவிட நல்ல பயிற்றுத்துணைப்பொருள் வேறென்ன வேண்டும்?

அக்கருவியின் இயக்கம் எளியது. அதன் அடியிலுள்ள கம்பிச் சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. அங்கே உலோகம் இருப்பின் அதனுள் சிறு மின்னோட்டம் எழும். அதனைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்பும். இரும்புச் சத்து மிகுந்த செம்மண் நிலத்தில் அது வீணாகவும் ஒலிக்கும். பத்து முறை தோண்டினால் ஒன்பது முறை ஆணியும் பான மூடியுமே கிடைக்கும் என்று ஒரு தந்தையார் சிரித்துக்கொண்டே கூறினார்.

கிடைக்கும் காசுகளுள் பிள்ளைகளை மிகவும் கவர்வது சதுரமான ஒரு காசு. நீரிணைக் குடியேற்றங்களின் அரசு 1919-ஆம் ஆண்டில் இச்சதுர வடிவைப் புழக்கத்திற்குக் கொண்டு வந்தது. ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ், இரண்டாம் எலிசபெத் என மூன்று முடிகளின் தலைகள் அதில் மாறி மாறி இடம்பெற்றன. 1961-க்குப் பின் ஒரு காசும் வட்டமாயிற்று. பால் மரம் சீவிய நம் பாட்டன் பாட்டியர் கையில் புழங்கிய காசு இதுவே.

இங்கே பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் செப்புக் குடத்தையும் பித்தளை விளக்கையும் புளியிட்டுத் துலக்குவது வழக்கம். அதே பழக்கத்தில் பழைய காசையும் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்பி வைக்கிறீர்கள். புளியின் அமிலம் காசின் மேலுள்ள பழுப்புப் படலத்தைத் தின்றுவிடுகிறது. பல ஆண்டுகளாக உலோகத்தின் மேல் படிந்து அதனைக் காத்து நின்ற போர்வை அது. அது போனால் எழுத்தின் விளிம்பும் மழுங்கும். சேகரிப்போரிடத்தில் மதிப்பும் போகும். காசைத் தூய நீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் நீக்கி, பஞ்சுத் துணியால் ஒற்றி உலர்த்தினால் போதும். பின்னர்த் தாள் உறையில் இடுங்கள். மலிவான நெகிழி உறைகள் நாளடைவில் கசிந்து காசைப் பச்சையாக்கிவிடும். காசின்மேல் வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அஃது அரிப்பு தொடர்வதன் அறிகுறி. அக்காசை மற்றவற்றோடு சேர்த்து வைக்கலாகாது.

இனிச் சுங்கை பூலோவுக்கு வருவோம். பூச்செடி வாங்க நாம் குடும்பத்தோடு செல்லும் இவ்வூரில், எந்தக் கருவிக்கும் அகப்படாத ஒரு பணம் முன்னொரு காலத்தில் புழங்கியது. அது காகிதப் பணம். ஆதலால் மண்ணில் கிடைக்காது.

1930-ஆம் ஆண்டில் இங்குத் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. அதற்கு முன் கோலாலம்பூரின் செத்தாப்பாக்கில் இருந்த விடுதியில் நோயாளர்கள் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் கைதிகளைப்போல் அன்றி மனிதர்களாய் வாழ வேண்டும் என்று வாதாடியவர் டாக்டர் டிராவர்ஸ். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து ஜாலான் டிராவர்ஸ் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அச்சாலையில் நாள்தோறும் செல்லும் நம்மில் எத்தனை பேர் இதனை அறிவோம்? புதிய குடியிருப்பில் சிறு வீடுகளும் தோட்டங்களும் பள்ளியும் வழிபாட்டு இடங்களும் அமைந்தன. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அங்கு வாழ்ந்தனர், வேலை செய்தனர், ஊதியமும் பெற்றனர். ஆனால், நோயாளரைப் பிரித்து வைக்கச் சட்டம் இருந்தது. வேலியைக் கடக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

அவர்கள் தொட்ட பணம் வெளியே வந்தால் நோயும் உடன் வரும் என வெளியுலகம் அஞ்சியது. எனவே 1936-இல் குடியிருப்புக்கு மட்டும் உரிய தனிப் பணம் அச்சிடப்பட்டது. ஐந்து காசு, பத்து காசு, ஒரு வெள்ளி என மூன்று மதிப்புகளில் அது வெளிவந்தது. வேலிக்கு வெளியே அது வெறும் தாள். ஒருவர் உழைத்து ஈட்டியதை ஊரிலுள்ள தாய்க்கு அப்படியே அனுப்ப முடியாத பணம் என்று சொன்னால் என் மாணவர்களுக்கு உடனே விளங்கிவிடுகிறது. பணத்தாள்களின் வழியே நோய் பரவுவதில்லை என்று சோதனையில் தெரிந்ததன் பேரில், 1938-இல் அது கைவிடப்பட்டது.

இவ்வழக்கம் மலாயாவுக்கு மட்டும் உரியதன்று. கொலம்பியா நாடு 1901-இலேயே தொழுநோய் விடுதிகளுக்கெனத் தனிக் காசு வார்த்தது. பிலிப்பைன்ஸின் கூலியோன் தீவில் 1913-இல் அலுமினியக் காசுகள் வழங்கப்பட்டன. கிருமி நீங்க வேண்டுமென்று அவற்றை மருந்து நீரில் இட்டனர்; அலுமினியம் அரித்துப் போயிற்று! அச்சத்தால் தூய்மை செய்யப்பட்ட காசுகள், தூய்மை செய்யப்பட்டதனாலேயே அழிந்தன. இன்று எஞ்சியிருக்கும் கூலியோன் காசுகள் பலவற்றில் அந்த அரிப்புத் தழும்பைக் காணலாம். நாணயம் சேகரிப்போர் அதனைக் குறை என்பர். எனக்கோ அத்தழும்புதான் அக்காசின் வரலாறு. எவரேனும் அதனைத் தேய்த்து நீக்க முயன்றால் அக்காசு சொல்லும் செய்தி முழுவதும் போய்விடும்.

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873-இலேயே கண்டறிந்துவிட்டார். நம்பத்தக்க மருந்தோ 1940-களில்தான் வந்தது. அம்மருந்தாகிய டாப்சோனுக்குக் கிருமி கட்டுப்படாமல் போகக்கூடும் என்பதை 1964-இல் பெட்டிட், ரீஸ் எனும் ஆய்வாளர்கள் மெய்ப்பித்தது இதே சுங்கை பூலோவின் நோயாளரைக் கொண்டுதான். 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கப் பரிந்துரைத்தது. அதற்கு இவ்வூரின் பங்கும் உண்டு. தொழுநோய் இன்று முற்றிலும் குணமாகக் கூடியது. எனினும் அப்பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பெற்றோரை இன்றும் சந்திக்கிறேன்.

குடியிருப்பின் ஒரு பகுதி 2007-இல் இடிக்கப்பட்டது. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் அங்கு எழுந்தது. எஞ்சிய இடத்தில் காசு தேடலாமா என ஒரு தந்தையார் என்னைக் கேட்டார். வேண்டா என்றேன். அது மக்கள் வாழ்ந்த, இன்னும் வாழும் இடம். மேலும், 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, பண்பாட்டு மதிப்புடையதெனக் கருதத்தக்க பொருளைக் கண்டெடுப்பவர் அதனை உடனே மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவித்தல் வேண்டும். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், வேறு எவற்றோடு கிடைத்தது என்னும் குறிப்பு இல்லாத காசு பாதி ஊமையாகிவிடும்.

அடுத்த வாரம் என் வகுப்பில் சதுரக் காசின்மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் மெல்லத் தேய்த்துப் படியெடுக்கும் நடவடிக்கை நடைபெறும். வீட்டில் பழைய காசு வைத்திருப்போர் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். புளியிட்டுத் துலக்காமல், உள்ளது உள்ளபடியே.