ஆறு மாத மௌனம்: பிஜிஎம்ஐ பிறந்த கதை

2020 செப்டம்பர் 2 மாலை, மத்திய அரசு 118 செயலிகளுக்குத் தடை விதித்தது. சீனாவுடனான லடாக் எல்லை மோதலின் சூடு ஆறாத நேரம். நாட்டின் பாதுகாப்பும் மக்களின் தகவல் பாதுகாப்பும்தான் காரணம் என்றது அரசு. அந்தப் பட்டியலில் பப்ஜி மொபைலும் இருந்தது. சென்சார் டவர் நிறுவனத்தின் கணக்குப்படி, அதுவரை இந்தியாவில் மட்டும் சுமார் 17.5 கோடி முறை பதிவிறக்கப்பட்டிருந்த ஆட்டம் அது.

கொரோனா ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்கென்று கடன் வாங்கியாவது வீட்டுக்கு வீடு போன் வாங்கிய வருடம். எங்கள் ஆழ்வார்திருநகரியில் வகுப்பு முடிந்ததும் அந்தப் போன்கள் திண்ணைக்கும் தாமிரபரணிப் படித்துறைக்கும் வந்துவிடும். நாலு பேர் ஓர் அணி. "ஏல, மாடியில ஒருத்தன் நிக்கான்", "என்னைத் தூக்கி விடுல", "ஜோன் வருது, வண்டிய எடு" என்று குரல்கள் கேட்டுக்கொண்டே இருக்கும். நாலில் ஒருவன் திருச்செந்தூரில் இருப்பான், இன்னொருவன் துபாயில் வேலை பார்க்கும் அண்ணனாக இருப்பான். ஊர் அடைந்து கிடந்தபோது அவர்கள் சேர்ந்திருந்த இடம் அந்த ஆட்டம்தான். அது போனபோது வந்த ஆத்திரத்தை விளையாட்டுப் பிள்ளைகளின் அடம் என்று தள்ளிவிட முடியாது.

பப்ஜியை உருவாக்கியது தென் கொரிய நிறுவனம். இந்தியாவில் மொபைல் ஆட்டத்தை வெளியிட்டு நடத்தியது சீனாவின் டென்சென்ட். தடை வந்த ஆறாவது நாள், செப்டம்பர் 8 அன்று, அந்தக் கொரிய நிறுவனமான பப்ஜி கார்ப்பரேஷன் ஓர் அறிக்கை விட்டது: இந்தியாவில் வெளியிடும் உரிமையை டென்சென்டிடமிருந்து திரும்பப் பெறுகிறோம், இனி எல்லாப் பொறுப்பும் எங்களுடையது. சுருக்கமான, தெளிவான அறிக்கை. ஆட்டம் வரவில்லை, ஆனால் யார் என்ன செய்கிறார்கள் என்பது தெரிந்தது. அக்டோபர் 30 அன்று, ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்களுக்கும் ஆட்டம் நின்றது.

நவம்பர் 12 அன்று அடுத்த அறிவிப்பு வந்தது. இந்தியாவுக்கென்றே பப்ஜி மொபைல் இந்தியா என்ற ஆட்டம், தாய் நிறுவனமான கிராஃப்டனோடு சேர்ந்து 10 கோடி டாலர் முதலீடு, நூறு பேருக்கு மேல் வேலை. முன்னணி இந்திய ஆட்டக்காரர்கள் தோன்றும் முன்னோட்டமும் வந்தது. எல்லாம் இருந்தது, தேதி மட்டும் இல்லை. "விரைவில்" என்று சொல்லிவிட்டு நிறுவனம் வாயை மூடிக்கொண்டது. அடுத்து அது முறையாகப் பேச ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது.

அந்த இடைவெளியை மற்றவர்கள் நிரப்பினார்கள். போலி இணையதளங்களும் போலிக் கோப்புகளும் முளைத்தன. வாரத்துக்கு ஒரு யூடியூப் வீடியோ ஒரு தேதி சொல்லும். அது பொய்த்ததும், சொன்னவருக்கு வசவு விழும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சிலர் கேள்வி எழுப்ப, அனுமதி எதுவும் தரவில்லை என்று அமைச்சகத்திலிருந்து பதில் வந்தது. நிறுவனம் சொல்லியிருக்க வேண்டிய சேதியை ரசிகன் மனுப் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பப்ஜிக்காரனும், போட்டி ஆட்டமான ஃப்ரீ ஃபயரை ஆடுகிறவனும் ஒருவர் வீட்டுப் பெண்களை ஒருவர் இழுத்துத் திட்டிக்கொண்டார்கள். உண்மையில் யார்மேல் கோபமோ அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் பக்கத்தில் இருப்பவன்மேல் பாய்ந்தார்கள்.

இதற்கு நடுவே மாட்டிக்கொண்டது பெங்களூரின் என்கோர் கேம்ஸ் உருவாக்கிய ஃபவுஜி என்ற ஆட்டம். பப்ஜி தடைசெய்யப்பட்ட இரண்டாம் நாளே, 2020 செப்டம்பர் 4 அன்று, நடிகர் அக்‌ஷய் குமார் அதை அறிவித்தார். அறிவித்த நேரமே 'இதோ மாற்று' என்று எல்லாரையும் நினைக்க வைத்தது. இது பப்ஜிக்குப் போட்டியல்ல என்று நிறுவனத்தின் விஷால் கோண்டல் பேட்டிகளில் விளக்கினார். ஆனால் முதல் நாள் பதிந்த எண்ணம் அழியவில்லை. 2021 ஜனவரி 26 அன்று ஆட்டம் வந்தபோது, கல்வான் பள்ளத்தாக்கைக் களமாகக் கொண்ட ஒற்றை ஆட்டக்காரர் கதை மட்டுமே இருந்தது. பப்ஜியைப் போல நூறு பேர் குதிக்கும் களத்தை எதிர்பார்த்தவர்கள் ஒற்றை நட்சத்திரமாகப் போட்டுத் தள்ளினார்கள். சில நாளிலேயே பிளே ஸ்டோர் மதிப்பீடு சரிந்தது. ஆட்டத்தில் குறைகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் அந்த வெறுப்பில் பாதிக்கு மேல் பப்ஜியின் மௌனத்துக்கு உரியது என்றே நான் நம்புகிறேன்.

நிறுவனம் மௌனமாக இருந்த அதே காலத்தில், 2020 டிசம்பர் தொடக்கத்தில், புரெவிப் புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. தென்கடலோரத் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது. புயல் எந்த நேரம் கரை சேரும், எத்தனை நாள் தொழில் கிடக்கும் என்று அந்தக் கூண்டு சொல்வதில்லை. இதுவரை தெரிந்தது இவ்வளவு, ஆபத்து இந்த அளவு என்று ஓர் எண்ணில் சொல்லும். நிலைமை மாறினால் எண்ணும் மாறும். படகைக் கரையேற்றிக் கட்டிவிட்டுக் கடலைத் திட்டுவார்களே தவிர, தூத்துக்குடி மீனவர்கள் துறைமுகத்தைத் திட்டுவதில்லை. முழு விடை தெரியாதபோதும் தெரிந்த அளவைச் சொல்ல முடியும் என்பதற்கு எங்கள் கரையில் இதைவிட நல்ல சான்று இல்லை.

2021 மே 6 அன்று கிராஃப்டன் வாய் திறந்தது. புதுப் பெயர்: பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா, சுருக்கமாக பிஜிஎம்ஐ. இந்த முறை விதிகளையும் சேர்த்தே சொன்னார்கள். 18 வயதுக்குக் கீழானால் பெற்றோரின் தொலைபேசி எண் வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான். ஒரு நாள் செலவு 7,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. தகவல்கள் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் சேமிக்கப்படும். அடிபட்டால் ரத்தம் பச்சையாகத் தெரியும். கட்டுப்பாடு என்று தெரிந்தும் பையன்கள் முகம் சுளிக்கவில்லை. மே 18 அன்று முன்பதிவு திறந்தது. இரண்டு வாரத்தில் 2 கோடி பேர் பதிந்தார்கள்.

தேதியை மட்டும் மறுபடியும் மறைத்தார்கள். ஆட்டத்தின் பழைய வரைபடங்களின் துண்டுப் படங்களைப் போட்டு ஊகிக்க விட்டார்கள். பிரபல ஆட்டக்காரர்கள் பூச்சியமும் ஒன்றுமாகப் புதிர் போட்டார்கள். கொஞ்ச நாளைக்கு அது உற்சாகமாகத்தான் இருந்தது. பிறகு பழைய எரிச்சல் தலைதூக்கியது. ஜூன் 17 அன்று சோதனைப் பதிப்பு வந்தது. சில மணி நேரத்தில் இடம் நிரம்பிவிட்டதால் உள்ளே போனவன், போகாதவன் என்று ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஜூலை 2 அன்று ஆண்ட்ராய்டு போன்களுக்கு ஆட்டம் முறைப்படி பிறந்தது. ஐபோன்காரர்கள் ஆகஸ்ட் 18 வரை காத்திருந்தார்கள்.

பிறந்த பிறகு நிறுவனம் ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொண்டது. ஏமாற்று மென்பொருள் வைத்து ஆடுகிறவர்கள்தான் அப்போதைய பெரிய தலைவலி. கிராஃப்டன் எத்தனை கணக்குகளை முடக்கியது என்று அடிக்கடி எண்ணிக்கை வெளியிட்டது; 2021 டிசம்பரில் முடக்கிய கணக்குகளின் பெயர்களையே பட்டியலிடத் தொடங்கியது. தன்னைச் சுவருக்கு அப்பாலிருந்து சுட்ட கணக்கின் பெயரை ஒருவன் அந்தப் பட்டியலில் பார்த்தான் என்றால், அதோடு அவன் புகார் தீர்ந்தது. "ஹேக்கர் ஒழிந்தபாடில்லை" என்று பொதுவாகப் புலம்பியவர்கள், "இந்த வாரம் குறைவு, போன வாரம் அதிகம்" என்று குறிப்பாகப் பேசத் தொடங்கினார்கள்.

2022 ஜூலை 28 அன்று ஆட்டம் பிளே ஸ்டோரிலிருந்தும் ஆப் ஸ்டோரிலிருந்தும் மறைந்தது. தகவல் கிடைத்ததும் சொல்கிறோம் என்று நிறுவனம் சொன்னது. பிறகு பத்து மாதம் தேதிப் புரளிகளின் ராஜ்ஜியம். 2023 மே 19 அன்று மூன்று மாதச் சோதனை அனுமதி கிடைத்த சேதியை மத்திய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகரும் நிறுவனமும் வெளியிட்டார்கள். மே 29 முதல் மறுபடியும் ஆட முடிந்தது. சோதனை அனுமதி என்பதை மறைக்காமல் சொன்னதால், வந்தவரை லாபம் என்று ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு ஃப்ரீ ஃபயரின் இந்தியப் பதிப்பான ஃப்ரீ ஃபயர் இந்தியா செப்டம்பர் 5 அன்று வரும் என்று தோனியை வைத்து அறிவித்தார்கள். முந்தின நாள், சில வாரம் தள்ளிப் போகிறது என்றார்கள். வாரங்கள் மாதங்களாகி, மாதங்கள் ஆண்டைத் தாண்டின.

அரசோடு பேச்சு நடக்கும்போது நிறுவனம் எப்படி வெளியே பேசும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் "அனுமதி இன்னும் வரவில்லை, அதனால் தேதி சொல்ல முடியாது, அடுத்த மாதம் முதல் தேதி மறுபடி பேசுகிறோம்" என்று சொல்ல எந்தச் சட்டமும் தடை இல்லை. ஜப்பானில் ஃபைனல் ஃபேன்டஸி 14 ஆட்டம் 2010-இல் படுதோல்வி கண்டபோது, அந்த டிசம்பரில் பொறுப்பேற்ற நவோகி யோஷிதா தயாரிப்பாளர் கடிதம் என்ற பெயரில் ரசிகர்களுக்கு எழுதத் தொடங்கினார். என்ன சரியில்லை, எதை மாற்றுகிறோம் என்று தொடர்ந்து சொன்னார். 2012 நவம்பரில் பழைய ஆட்டத்தையே மூடி, 2013 ஆகஸ்டில் புதிதாகக் கொண்டுவந்தார். அதுவரை ரசிகர்கள் பலர் பொறுத்திருந்தார்கள். கடிதம் மட்டும் ஆட்டத்தைக் காப்பாற்றவில்லை, வேலையும் நடந்தது. ஆனால் வேலை நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது அந்தக் கடிதங்களால்தான்.

ஆழ்வார்திருநகரிப் பையன்களுக்கு இந்தக் கதையில் இன்னொரு குறையும் உண்டு. பிஜிஎம்ஐயின் அறிவிப்புகள் ஆங்கிலத்தில் வந்தன. அவற்றைத் தமிழில் சொன்னவர்கள் யூடியூப்காரர்கள். தெரிந்ததோடு ஊகத்தையும் கலந்து சொன்னார்கள். பெயர் வைக்கவும் ஆட்டத்தின் சின்னத்துக்குத் தேசியக் கொடியின் நிறம் தீட்டவும் இந்தியாவை நினைத்தவர்கள், சேதி சொல்லும்போதும் இங்குள்ள மொழிகளை நினைத்திருக்க வேண்டும். அடுத்து இங்கே ஆட்டம் கொண்டுவரும் எந்த நிறுவனமும், நட்சத்திர விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன், தமிழில் பதில் சொல்லும் ஒருவரை வேலைக்கு வைக்கட்டும். தெரிந்தது, தெரியாதது, அடுத்து எப்போது பேசுவோம் என்ற மூன்றையும் அவர் வாராவாரம் சொன்னாலே போதும். எங்கள் பையன்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள வேண்டியிருக்காது.