மிளகுத் தண்ணீர் போன வழி

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்தார் பணித்தபோது, பேரரசர்களைப் பற்றியோ பெருங்கோயில்களைப் பற்றியோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினோம். அந்த எண்ணத்தை மாற்றியது நம் குடியிருப்புச் சிறுமி ஒருத்தியின் கேள்வி. பெற்றோருடன் உணவு விடுதிக்குச் சென்று வந்தவள், "மாமா, முல்லிகடானி என்று ஒரு சூப் போட்டிருந்தார்களே, அது எந்த நாட்டுச் சூப்?" என்று கேட்டாள். "அது உன் பாட்டி வைக்கும் மிளகுத் தண்ணீர்தான், அம்மா" என்றோம். அவள் நம்பவில்லை. பாட்டியிடம் ஓடிக் கேட்டாள். பாட்டியோ, "மிளகுத் தண்ணீர் தெரியும், நீ சொல்லும் அந்தப் பெயர் தெரியாது" என்று சொல்லிவிட்டார்.

ஒரே சொல் இரண்டு வேடம் புனைந்து ஒரே வீட்டின் வாயிலில் நிற்கிறது. பாட்டிக்கு ஒன்று தெரியவில்லை. பேத்திக்கு மற்றொன்று தெரியவில்லை. இடையில் நிற்கும் நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வார்? ஆகவே, அரசர்களை அடுத்த மலருக்கு ஒத்திவைத்து, இவ்வாண்டு அடுக்களை வரலாற்றை எடுத்துக்கொண்டோம். பருப்பும் மிளகும் கூடிய ஒரு கிண்ணச் சாற்றின் வரலாறு இது. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இது பிறர் கதை அன்று.

பயறு பிறந்த நிலம்

கருநாடகத்தின் பெல்லாரிப் பகுதியில் சங்கனகல்லு முதலிய புதிய கற்கால ஊர்கள் உள. அவ்விடங்களில் மண்ணைச் சலித்து ஆராய்ந்த தொல்லியல் அறிஞர்கள், கருகிய கொள்ளையும் பாசிப்பயற்றையும் சிறுதானியங்களோடு கண்டெடுத்தனர். இன்றைக்கு ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பே தென்னாட்டார் தானியத்தையும் பயற்றையும் சேர்த்தே விளைத்தனர் என்பதற்கு அவை சான்று. பின்னர் வந்த புறநானூற்றில், 335ஆம் பாட்டில், மாங்குடி கிழார் தம் நிலத்து உணவாக வரகு, தினை, கொள், அவரை என்னும் நான்கை எண்ணிக் காட்டுகிறார். இரண்டு தானியம், இரண்டு பயறு. நான்கில் பாதி பயறு என்பதை நம் இல்லத்தரசியர் கருத்தில் கொள்ளவேண்டும்.

அக்கணக்கின் நுட்பத்தை இற்றை நாள் உணவியல் விளக்குகிறது. உடலுக்கு வேண்டிய அமினோ அமிலங்களுள் லைசின் என்பது அரிசியிலும் கோதுமையிலும் குறைவு, பயற்றில் மிகுதி. மெத்தியோனின் என்பது பயற்றில் குறைவு. தானியத்தில் போதிய அளவு உண்டு. சோறும் பருப்பும் ஒரே இலையில் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இந்தப் பெயர்களை அறியாமலே நம் முன்னோர் அந்த இணையைப் பிடித்துக்கொண்டனர்.

நாம் இன்று நாள்தோறும் வேகவைக்கும் துவரையின் காட்டு உறவுச் செடி ஒடிசாவிலும் பஸ்தர்க் காடுகளிலும் காணப்படுகிறது. துவரை அப்பக்கத்தில் தோன்றி நாடெங்கும் பரவியது என்பது அறிஞர் முடிவு. செந்நிறமாய் இருக்கும் மசூர் இன்னும் தொலைவிலிருந்து வந்தது. மேற்கு ஆசியாவில் முதலில் பயிராகி, சிந்துவெளி மக்களின் களஞ்சியத்தையும் அது அடைந்தது. உருத்திரத்தோடு ஓதப்படும் சமகத்தில், நெல், உளுந்து, எள், கோதுமை இவற்றோடு மசூரமும் வேண்டப்படுகிறது. நம்மவர் அதனை மைசூர்ப் பருப்பு என்பர். மைசூருக்கும் அதற்கும் தொடர்பில்லை; மசூர் என்ற வடவர் சொல் நம் செவியில் மைசூராகிவிட்டது என்றே தோன்றுகிறது.

இனிப் பானையில் எஞ்சியிருப்பவற்றைப் பார்ப்போம். புளியமரம் ஆப்பிரிக்காவில் தோன்றிப் பண்டைக் காலத்திலேயே நம் நாட்டில் வேரூன்றியது என்பர். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தன. போர்ச்சுக்கீசியர் கடல்வழி கண்ட பிறகே மிளகாய் இங்கு வந்தது. மிளகைப் போல் காரமான காய் என்று அதற்கு நாம் பெயர் வைத்தோம். மிளகு ஒன்றே மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரலின் சொந்தப் பிள்ளை. ஆக, தூய தமிழ் உணவு என்று நாம் மார்தட்டும் ரசப் பானை, பல திசைகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் கூடி வாழும் ஒரு காலனியே ஆகும்.

சிறையும் விருந்தும்

மிளகுத் தண்ணீர் என்ற பெயர் ஆங்கிலத்தில் ஏறியது எப்போது? 1784ஆம் ஆண்டளவில் எழுந்த ஓர் ஆங்கிலப் பாட்டில் அச்சொல் காணப்படுகிறது. ஐதர் அலியிடம் சிறைப்பட்ட கடற்படையினர் ஒருவர் பாடியதாக அது வழங்குகிறது. பெங்களூர்ச் சிறையில் தமக்கு வாய்த்த உணவு மிளகுத் தண்ணீரும் கஞ்சியுமே என்று அவர் தம் ஊழை நொந்துகொள்கிறார். இரண்டும் தமிழ்ச் சொற்கள் என்பதை உன்னுக. பெரிய விருந்தின் பெயராக அன்று, எளியோர் உண்ணும் உணவின் பெயராகவே அச்சொல் கடல் கடக்க ஆயத்தமாயிற்று.

சென்னைப் பட்டணத்துத் துரைமார் வீடுகளில் அதன் வாழ்வு மாறியது. அவர்களுக்கு விருந்தின் தொடக்கத்தில் சூப் வேண்டும். சமைப்பவரோ தமிழர். சோற்றில் பிசைந்து உண்ணும் நீர்த்த சாற்றை, கரண்டியால் அருந்தும் கெட்டிச் சாறாக்க வேண்டியிருந்தது. கோழியும் ஆட்டிறைச்சியும் சேர்ந்தன. வறுத்த வெங்காயம் சேர்ந்தது. பின்னர்ப் பருப்பும் அரிசியும் சேர்ந்தன. கென்னி ஹெர்பெர்ட் என்னும் படைத்தலைவர், வைவெர்ன் என்ற புனைபெயரில் 1878இல் சென்னையிலிருந்து ஒரு சமையல் நூல் வெளியிட்டார். இப்பெயர் மிளகு, தண்ணீர் என்னும் இரண்டு தமிழ்ச் சொற்களால் ஆனது என்பதை அவர் அதில் தெளிவாகக் கூறி, புளியும் பூண்டும் மிளகும் இட்டுத் தமிழ்ச் சமையற்காரர் வைக்கும் முறையையும் எழுதிவைத்தார்.

தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னலும் அவருடைய நண்பர் யூலும் தொகுத்த ஆப்சன் ஜாப்சன் என்னும் அகராதி 1886இல் வெளிவந்தது. அதில் ஒரு சுவையான செய்தி உண்டு. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆங்கிலேயரைப் பிற மாகாணத்து ஆங்கிலேயர் 'முல்' என்று கேலியாக அழைத்தனராம். முல்லிகடானி என்பதன் சுருக்கமே அது. தமிழர் சாற்றைக் குடித்ததனால் துரைமாருக்கே பட்டப்பெயர் கிடைத்தது! இன்று வெளியூர்களில் நம்மை இட்டிலி, சாம்பார் என்று கேலி செய்வோரைக் கண்டு நம் இளைஞர் மனம் வருந்த வேண்டியதில்லை. இது பழைய கேலி. நமக்கு முன்னரே அதனைச் சுமந்தவர் உளர்.

தாயகம் திரும்பிய துரைமார் அச்சாற்றைத் தம்மோடு கொண்டு சென்றனர். 1845இல் இலண்டனில் வெளியான எலைசா ஆக்டன் அம்மையாரின் சமையல் நூலில் அது இடம்பெற்றது. பின்னர்த் தகர டப்பாக்களிலும் அடைபட்டது. சில வீடுகளில் ஆப்பிள் பழமும் அதில் விழுந்தது. இத்தனை மாற்றத்திலும் ஒன்று மட்டும் மாறவில்லை. அதன் பெயர் தமிழாகவே நின்றது.

வேகாத பருப்பு

இனி நம் கதைக்கு வருவோம். இந்தியாவின் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று 1911இல் அறிவிக்கப்பட்டது. புது தில்லி 1931இல் திறந்துவைக்கப்பட்டது. அலுவலகக் கோப்புகளோடு எழுத்தர்களும் கணக்கர்களும் வந்தனர். அவர்களுள் தமிழர் பலர். பெட்டியில் புளியும் மிளகும் கட்டிக்கொண்டு வந்த அன்னையர், இங்குக் கடைத்தெருவில் துவரம் பருப்பைக் கண்டு மகிழ்ந்தனர். அதற்கு இங்கு அர்ஹர் என்று பெயர். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் ஏற்றினால் பருப்பு வேகவில்லை!

"உன் பருப்பு இங்கே வேகாது" என்று நம் ஊரில் சொல்வார்களே, அது பழிப்புச் சொல்லாகத்தான் நமக்குத் தெரியும். நம் அன்னையர்க்கு அது அன்றாட உண்மையாயிற்று. காரணம் பருப்பில் இல்லை, நீரில் இருந்தது. இப்பகுதியின் நிலத்தடி நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. அவை பருப்பின் உயிரணுக்களை இணைக்கும் பெக்டின் என்னும் பொருளோடு பிணைந்து, அது கரையாதபடி இறுக்கிவிடுகின்றன. சோடா உப்பு இட்டால் பருப்பு குழையும். ஆனால் பி1 உயிர்ச்சத்து அழியும். இரவே ஊறவைத்தும், ஒரு துளி எண்ணெயும் மஞ்சளும் இட்டும், புளியைக் கடைசி வரை சேர்க்காமலும் நம் அன்னையர் வழி கண்டனர். 1959இல் பிரஷர் குக்கர் நம் நாட்டிலேயே உற்பத்தியாகத் தொடங்கியது. அடைபட்ட நீராவியில் நீரின் வெப்பம் 120 டிகிரியை எட்ட, வேகாத பருப்பும் வெந்தது.

பருப்பு வெந்த பிறகு வேறு துன்பம் வந்தது. நம் நாட்டில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த பயறு வகை 1951இல் ஏறத்தாழ 60 கிராம். 2001இல் அது ஏறத்தாழ 30 கிராம். பசுமைப் புரட்சி கோதுமையையும் நெல்லையும் பெருக்கியது, நீர்வளம் மிக்க நிலம் அவற்றுக்குப் போயிற்று, பயறு மானாவாரி நிலத்துக்கு ஒதுங்கியது, மக்கள்தொகையோ பெருகியது. பின்னர் நிலைமை ஓரளவு சீர்பட்டபோதிலும், உலகிலேயே மிகுதியாகப் பயறு விளைக்கும் நம் நாடு கனடாவிலிருந்து மசூரும் மொசாம்பிக்கிலிருந்து துவரையும் வாங்கி உண்டது. ஐக்கிய நாடுகள் அவை 2016ஆம் ஆண்டைப் பயறுகளின் ஆண்டாகக் கொண்டாடியது. விழா எடுப்பது அவைகளின் வேலை. பானை வைப்பது நம் வேலை. காலையில் ரொட்டியும் மாலையில் வறுவலும் உண்டு வளரும் நம் பிள்ளைகளின் கிண்ணத்தில் அந்த 30 கிராமாவது நாள்தோறும் விழுகிறதா என்பதை ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்த்தல் நன்று.

அடுப்பருகே

இத்தனை வரலாறும் படித்த அன்பர்களை வெறுங்கையோடு அனுப்புதல் முறையன்று. தை மாதக் குளிரில் நால்வர் அருந்தப் பருப்பு மிளகுத் தண்ணீர் வைக்கும் முறையைக் கூறுகிறோம்.

துவரம் பருப்பு 100 கிராம், மைசூர்ப் பருப்பு 50 கிராம் எடுத்து, துவரையை மட்டும் ஒரு மணி நேரம் ஊறவைக்கவேண்டும். பிறகு இரண்டையும் கழுவி, மஞ்சள், ஆறு பல் பூண்டு, ஒரு துளி நல்லெண்ணெய், முக்கால் லிட்டர் நீர் சேர்த்துக் குழைய வேகவைத்து மத்தால் கடையவேண்டும். நறுக்கிய கேரட்டும் ஒரு பிடி கீரையும் இதில் இட்டு மேலும் பத்து நிமிடம் கொதிக்கவிடலாம். காய் வெந்த பின்னரே சிறு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து விட்டு, இரண்டு தக்காளியைப் பிசைந்து சேர்த்து, உப்பிட்டு, அரை லிட்டர் நீர் ஊற்றவேண்டும். புளிப்பு முந்தினால் பருப்பு பிந்தும். பச்சை வாசனை போனதும், ஒரு தேக்கரண்டி மிளகும் ஒரு தேக்கரண்டி சீரகமும் கொரகொரப்பாகப் பொடித்துத் தூவி, நுரை கூடி வரும்போது இறக்கவேண்டும். நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி மூடிவைக்கவேண்டும்.

அந்த 150 கிராம் பருப்பில் ஏறத்தாழ 33 கிராம் புரதம் உண்டு; ஒருவர் பங்குக்கு 8 கிராம். அதனோடு சிறிது சோறோ இரண்டு சப்பாத்தியோ சேர்ந்தால், மாங்குடி கிழாரின் கணக்கு நம் தட்டில் நிறைவேறும். துவரைக்குப் பதில் பாசிப்பருப்பு இடுவோர் இடுக. பூண்டு ஆகாதோர் பெருங்காயம் இடுக. ஊருக்கு ஊர், நீருக்கு நீர், இச்சாறு மாறியே வந்துள்ளது. மாறியதில் இழுக்கில்லை. பெயர் மறந்து போவதும், வைக்கத் தெரிந்த கை அற்றுப் போவதுமே இழப்பு.

எனவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு விழா விருந்தில் இச்சாறு ஒரு பாத்திரம் இடம்பெறட்டும். அதன்முன் வைக்கும் அட்டையில் 'மிளகுத் தண்ணீர்' என்று தமிழில் எழுதும் பொறுப்பை, நம்மிடம் கேள்வி கேட்ட அச்சிறுமிக்கே அளிப்போம். பக்கத்தில் நின்று அள்ளி வார்க்க அவள் பாட்டியை அழைப்போம். அண்டை வீட்டு வங்காளியரும் பஞ்சாபியரும் வந்து, "இது என்ன?" என்று கேட்கும்போது, விடை சொல்லப் பேத்திக்கும் தெரிந்திருக்கும், பாட்டிக்கும் தெரிந்திருக்கும்.

வாழ்க நம் சங்கம்! நிறைக நம் இல்லப் பானைகள்!