இட்டலிகெ முதல் இட்லி 65 வரை

நியூ ஜெர்சியின் எடிசன், கலிபோர்னியாவின் சன்னிவேல், டெக்சஸின் இர்விங் என நம்மவர்கள் நிறைந்த ஊர்களில், ஞாயிறு முற்பகல் பந்திக்கு இட்லியோடு அதன் பொரித்த வடிவமும் வந்துவிட்டது. இட்லி ஃப்ரை, சில்லி இட்லி, இட்லி 65 என்று கடைக்குக் கடை பெயர் மாறும். ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் கேட்பது ஒரே கேள்வி: அவித்தால்தானே இட்லி, எண்ணெயில் போட்டதை அந்தப் பெயரால் அழைக்கலாமா? சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் தாராளமாக அழைக்கலாம்.

‘இட்டு அவிப்பதால் இட்டவி, அதுவே இட்லி’ என்ற விளக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. கேட்க இனிமையானது, ஆனால் பழைய சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. சொல்லின் பழைய வடிவம் கன்னடத்தில் கிடைக்கிறது. சிவகோட்டியாச்சாரியாரின் வட்டாராதனை, கி.பி. 920 அளவில், ‘இட்டலிகெ’ என்று விருந்துப் பண்டங்களுள் ஒன்றைக் குறிக்கிறது. ஏறத்தாழ 1025இல் இரண்டாம் சாவுண்டராயர் தம் லோகோபகாரத்தில் செய்முறையே தருகிறார்: உளுந்தை மோரில் ஊறவைத்து, நைய அரைத்து, தயிரின் தெளிநீர் விட்டு, சீரகம், கொத்தமல்லி, மிளகு, பெருங்காயம் சேர்க்க வேண்டும். 1130 அளவில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசம் ‘இட்டரிகா’ என்று சமஸ்கிருதத்தில் எழுதுகிறது. அதுவும் உளுந்து மாவில் உருட்டி, மிளகும் சீரகமும் பெருங்காயமும் இட்டதுதான்.

உணவு வரலாற்றாசிரியர் கே. டி. அச்சயா சுட்டிக்காட்டியபடி, இந்தப் பழைய குறிப்புகளில் மூன்று இல்லை: அரிசி இல்லை, இரவு முழுவதும் புளிக்கவைப்பது இல்லை, ஆவியில் வேகவைப்பது இல்லை. தமிழில் ‘இட்டலி’ என்னும் பெயர் 17ஆம் நூற்றாண்டின் மச்சபுராணத்தில் காணப்படுவதாகவும் அவர் எழுதுகிறார். நாம் இன்று இட்லியின் உயிர் என்று நினைக்கும் ஆவி, பெயர் பிறந்து வெகுகாலம் கழித்தே அதனோடு சேர்ந்தது. மிளகு, சீரகம், பெருங்காயம் என்ற பழைய கூட்டு மட்டும் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் இன்றும் மணக்கிறது.

பிறகு உளுந்தும் கட்டாயமில்லை என்றானது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து அரிசித் தட்டுப்பாட்டில் பெங்களூரின் எம்.டி.ஆர். உணவகம் ரவையில் செய்ததும் இட்லி என்றே நிலைத்தது. முதலில் உளுந்தைப் பற்றியிருந்த பெயர், பின் ஆவியைப் பற்றியது, கடைசியில் குழித்தட்டின் வடிவத்தைப் பற்றிக்கொண்டது.

‘இட்லி 65’ என்ற பெயரின் பின்பாதிக்கும் ஒரு கதை உண்டு. சென்னை அண்ணாசாலையின் புகாரி உணவகம் 1965இல் சிக்கன் 65ஐ அறிமுகப்படுத்தியதாகச் சொல்லி வருகிறது. ஆண்டைக் குறித்ததாகச் சொல்லப்படும் அந்த எண், காலப்போக்கில் மிளகாய்ச் சிவப்பும் கறிவேப்பிலை வாசமும் மொறுமொறுப்பும் சேர்ந்த ஒரு சமையல்முறையின் பெயரானது. கோபி 65, பனீர் 65 என்று நகர்ந்து, இட்லியிலும் வந்து ஒட்டிக்கொண்டது.

இட்லியைப் பொரிக்க அமெரிக்கச் சமையலறை ஏற்ற இடம். நியூ ஜெர்சியின் குளிர்காலத்தில் மாவு எளிதில் பொங்காது. ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு, அந்தக் கதகதப்பில் இரவெல்லாம் வைப்பார்கள். டெக்சஸ் கோடையில் அசந்தால் மாவு பாத்திரத்தை விட்டு வழியும். கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் அரைக்க நேரமில்லாதவர்களுக்கு, சான் ஹோசேயில் மணி கிருஷ்ணன் தொடங்கிய சாஸ்தா போன்ற நிறுவனங்களின் மாவு கடையிலேயே கிடைக்கிறது. எப்படியானாலும் வார இறுதியில் ஒரே ஈடாக நிறைய அவிப்பதும், மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைப்பதும் வழக்கம்.

அந்தப் பழைய இட்லிதான் பொரிக்கத் தோதானது. சூடான இட்லியில் ஈரம் அதிகம். எண்ணெயில் உதிரும், எண்ணெயையும் குடிக்கும். இரவு முழுவதும் குளிரில் இருந்தால் அரிசியின் மாவுச்சத்து இறுகி, கத்திக்கு நேராக வெட்டுப்படும். விரல் பருமனில் நறுக்கி, அரிசிமாவு, சோளமாவு, மிளகாய்த்தூள், உப்பு கரைத்த நீர்த்த கலவையில் தோய்த்து, 180 டிகிரி செல்சியஸ் அளவில் காய்ந்த எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சலசலப்பு அடங்கினால் மேல்பரப்பின் நீர் போய்விட்டது என்று பொருள், அப்போது எடுத்துவிடலாம். புளிக்கும்போது நுண்ணுயிர்கள் உண்டாக்கிய காற்றறைகளால் உள்ளே பஞ்சு அப்படியே இருக்கும். தாளித்த கறிவேப்பிலை, பச்சைமிளகாயில் ஒரு புரட்டு, மேலே கொஞ்சம் பருப்புப்பொடி.

எண்ணெயில் இப்படிச் சமைப்பதற்கு நம் மொழியிலேயே அழகான வினை இருக்கிறது: பொரி. அரிசி பொரிகிறது, முட்டை பொரிகிறது, அப்பளம் பொரிகிறது. வெப்பத்தால் ஒன்று வெடித்து மலர்வதும் உயிர் ஓட்டை உடைத்து வருவதும் இந்த ஒரே சொல்லில் அடங்கும். வறு, வதக்கு, பொரி, சுடு, அவி என்று எண்ணெயின் அளவையும் நெருப்பின் முறையையும் தனித்தனியே பிரித்துச் சொல்லும் மொழி நம்முடையது. ‘ஃப்ரை’ என்ற ஒரு சொல் அவற்றில் மூன்றை விழுங்கிவிடுகிறது. அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகள் இந்த வேறுபாட்டைப் பாடநூலில் கற்பதைவிட அடுப்படியில் கற்பது எளிது. உணவகப் பட்டியலிலும் வீட்டிலும் இதைப் ‘பொரித்த இட்லி’ என்றே சொல்வோம். ஆயிரம் ஆண்டுகளில் அரிசியையும் ஆவியையும் ரவையையும் ஏற்றுக்கொண்ட பெயர் எண்ணெயையும் ஏற்கும். அதனோடு ஒரு நல்ல தமிழ் வினையும் பிழைக்கும்.